ஹெட்செட் மாட்டியபின் நேரும் தவறு: புதிய ஏடிசி அதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று இந்திய விமான நிலைய ஆணையம் அறிவித்ததும் கோச்சிங் சென்டர்கள் சுறுசுறுப்பாகிவிடும். எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி, போன தடவை கட்-ஆஃப் எவ்வளவு, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகக் கிடைக்கும். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாள் உங்கள் வாயிலிருந்தே தவறான உத்தரவு போகும், திரையில் இரண்டு விமானங்கள் நெருங்கும், அப்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. முப்பது வருடம் ரேடார் முன்னால் உட்காரப்போகிற ஒருவர் ஒரு தவறும் செய்யாமல் ஓய்வு பெறுவார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. தவறை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார், கண்டதும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் என்ன, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் அதை எழுதிக் கொடுக்கிறாரா என்பதை வைத்தே ஒரு கண்ட்ரோலரை நான் மதிப்பிடுவேன். மூன்றுமே பழகிக்கொள்ளக் கூடியவை. பழகுவதற்குச் சரியான காலம் பயிற்சிக் காலம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ரேடார் கண்காணிப்பில் உள்ள வழித்தடங்களில் இரண்டு விமானங்களுக்கு நடுவே பொதுவாக 5 நாட்டிகல் மைல் இருக்க வேண்டும். அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில், ரேடார் வசதியைப் பொறுத்து, இதை 3 நாட்டிகல் மைலாகக் குறைக்கலாம். அது இல்லையென்றால் உயரத்தில் 1,000 அடி வித்தியாசம் வேண்டும். 29,000 அடிக்கு மேலே ஒரு காலத்தில் 2,000 அடி தேவைப்பட்டது. உயரமானிகள் துல்லியமான பிறகு 41,000 அடி வரை 1,000 அடி போதும் என்று உலகம் முழுக்கப் படிப்படியாக மாற்றினார்கள். இந்தியாவில் அது 2003 நவம்பரில் வந்தது. பக்கவாட்டு இடைவெளி, உயர இடைவெளி இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டும் ஒரே சமயத்தில் இல்லாமல் போனால் இடைவெளி குலைந்துவிட்டது என்று பதிவாகும்.

5 மைலுக்குப் பதில் 4.8 மைல் இருந்தாலும் அது குலைவுதான். அதில் பயணிகளுக்கு எதுவும் ஆகியிருக்காது. பத்திரிகையில் 'நூலிழையில் தப்பிய விமானங்கள்' என்று வருவதில் பல இந்த ரகம். ஆபத்தின் அளவைத் தனியாகக் கணக்கிடுவார்கள். மோதும் அபாயம் இருந்ததா, பாதுகாப்பு உறுதியாக இல்லையா, அபாயமே இல்லையா, முடிவு செய்ய முடியவில்லையா என்று நான்கு வகை. ஆனால் 5 மைல் ஏதோ தாராளமாக வைத்த எண் என்று எண்ணிவிடாதீர்கள். மணிக்கு 890 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு ஜெட் விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் அந்த 9 கிலோமீட்டர் கரைய 19 விநாடி போதும். ஒரு உத்தரவைச் சொல்லி, பைலட் அதைத் திருப்பிச் சொல்லி, விமானம் திரும்பத் தொடங்குவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரமாகும்.

எண் மாறிய அந்தப் பிற்பகல்

2001 ஜனவரி 31, ஜப்பான். டோக்கியோ கட்டுப்பாட்டு மையத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த கண்ட்ரோலர் ஒருவர் பத்து விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மேற்பார்வையாளர். ஹனேடாவிலிருந்து ஓகினாவாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 907 உயரம் ஏறிக்கொண்டிருந்தது. தென்கொரியாவின் பூசானிலிருந்து நரிட்டாவுக்கு வந்த அதே நிறுவனத்தின் 958, 37,000 அடியில் எதிர்ப்பட்டது. இரண்டும் நெருங்குகின்றன என்று திரை எச்சரித்தது. 958-ஐக் கீழே இறக்க வேண்டும் என்பது அவர் நினைத்தது. வாயில் வந்தது 907.

907-இன் கேப்டன் உத்தரவைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். தவறான எண்தான் திரும்பி வருகிறது என்பதைப் பயிற்சி பெற்றவரும் கவனிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரும் கவனிக்கவில்லை. அதற்குள் 907-இல் இருந்த டிகாஸ் கருவி 'மேலே ஏறு' என்றது. இரண்டு விமானங்களின் கருவிகள் தாமாகவே பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும் மோதல் தடுப்புக் கருவி அது. கேப்டன் கண்ட்ரோலர் சொன்னதையே பின்பற்றித் தொடர்ந்து இறங்கினார். 958 தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கின. நிலைமை புரிந்த மேற்பார்வையாளர் குறுக்கிட்டு மைக்கை எடுத்தார். அவர் கூப்பிட்டது 957-ஐ. அப்படி ஒரு விமானமே அங்கு இல்லை. கடைசியில் பைலட்டுகள் கண்ணால் பார்த்துத்தான் விலகினார்கள். 907 சட்டென்று கீழே பாய்ந்ததில் சுமார் 100 பேர் காயப்பட்டார்கள். இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இதில் யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை என்பதுதான். முடிவு சரி. எந்த விமானத்தை இறக்குவது என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறார். மூளைக்கும் வாய்க்கும் நடுவில் எண் மாறியது. அனுபவசாலியான மேற்பார்வையாளருக்கும் பதற்றத்தில் அதேபோல் மாறியது. ஆகவே புதிதாக வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கால்சைனை, அதாவது விமானத்தை அழைக்கும் பெயரையும் எண்ணையும், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். திரையில் விமானத்தின் பக்கத்தில் இருக்கும் லேபிளைப் பார்த்து வாசியுங்கள். வேலை குறைவாக இருக்கும்போதும் வாசியுங்கள், அப்போதுதான் வேலை அதிகமாகும்போது கண் தானாக அங்கே போகும். ஒத்த ஒலியுள்ள இரண்டு எண்கள் ஒரே அலைவரிசையில் வந்துவிட்டால் இரண்டு பைலட்டுகளிடமும் அதைச் சொல்லி எச்சரியுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது, தேவைப்பட்டால் தற்காலிகமாகக் கால்சைனையே மாற்றச் சொல்லலாம்.

இன்னொன்று, பைலட் திருப்பிச் சொல்லும் அந்த மூன்று நான்கு விநாடி. உத்தரவு கொடுத்ததும் கை அடுத்த போனுக்குப் போகும், கண் அடுத்த விமானத்துக்குப் போகும், காது மட்டும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். 'மூன்று மூன்று பூஜ்யம்' என்று எதிர்பார்க்கும் காதுக்கு 'மூன்று ஐந்து பூஜ்யம்' என்று சொன்னாலும் எதிர்பார்த்ததே கேட்கும். அந்த நேரத்தில் வேறு எதையும் செய்யாமல் இருப்பதும் வேலைதான் என்று நல்ல பயிற்சி அதிகாரிகள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

மாறிய தகவல், மாறாத டவர்

தனி ஆளின் நாக்குப் பிசகுவது ஒரு ரகம். அறைக்குள் தகவல் பிசகுவது இன்னொரு ரகம், இந்தியாவில் பார்க்க வேண்டிய உதாரணம் பெங்களூரு. 2022 ஜனவரி 7 காலை. கெம்பேகவுடா விமான நிலையத்தில் இணையாக இரண்டு ஓடுபாதைகள். வடக்கு ஓடுபாதையைப் புறப்பாட்டுக்கும் தெற்கு ஓடுபாதையை வருகைக்கும் வைத்திருந்தார்கள். பிறகு தெற்கை மூடிவிட்டு எல்லாவற்றையும் வடக்கிலேயே நடத்தலாம் என்று ஷிப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்தார். அந்த முடிவு தெற்கு டவர் கண்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. கொல்கத்தாவுக்கும் புவனேஸ்வருக்கும் போகும் இரண்டு இண்டிகோ விமானங்கள், 426 பேருடன், ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு ஓடுபாதைகளிலிருந்தும் கிளம்பி ஒரே திசையில் நெருங்கின. அப்ரோச் கட்டுப்பாட்டில் இருந்த ரேடார் கண்ட்ரோலர் அதைக் கண்டு, இரண்டையும் வேறு வேறு திசையில் திருப்பி விலக்கினார்.

அந்த ரேடார் கண்ட்ரோலரைப் போல ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நினைக்க வேண்டும். கூடவே அந்த ஷிப்ட் பொறுப்பாளரின் இடத்திலும் உங்களை வைத்துப் பாருங்கள். அவர் எடுத்த முடிவில் குற்றமில்லை. அதை உரக்கச் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் 'சரி, தெற்கு மூடப்பட்டது' என்று திருப்பிச் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. பைலட்டிடம் ஒவ்வொரு உத்தரவையும் திருப்பிச் சொல்லச் சொல்கிற நாம், பக்கத்து மேசைக்காரரிடம் அதைக் கேட்கத் தயங்குகிறோம். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம். சீனியரிடம் கேட்க இன்னும் கூச்சம். 'சார், ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணிடுங்க' என்று சொல்ல வெட்கப்படுகிறவர் இந்த அறையில் உட்காரக் கூடாது.

ஷிப்ட் மாறும் நேரமும் இதில் சேரும். இடத்தைக் கைமாற்றிக் கொடுப்பவர் அவசரத்தில் இருப்பார், வாங்குகிறவர் மனதில் படம் இன்னும் முழுசாக வரைந்திருக்காது. கைமாற்றிய முதல் சில நிமிடங்கள் ஆபத்தானவை என்பது எல்லா நாட்டுக் கண்ட்ரோலர்களும் அறிந்தது. அதனால்தான் அதற்கென்று செக்லிஸ்ட் வைத்திருக்கிறார்கள்: வானிலை, பழுதான கருவிகள், மூடிய வான்பகுதி, எந்த விமானத்துக்கு எந்த உத்தரவு பாக்கி. அதை வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கொடுத்தவர் உடனே எழுந்து போகாமல் இரண்டு மூன்று நிமிடம் பின்னால் நிற்கட்டும். போக்குவரத்து வடிந்து அறை அமைதியாக இருக்கும் நேரமும் அதே அளவு ஆபத்து. பரபரப்பில் விறைப்பாக இருந்த கவனம் அப்போதுதான் தளரும்.

முதல் அரை நிமிடம்

சரி, தவறு நடந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மின்னுகிறது. இப்போது?

2002 ஜூலை 1 இரவு, சூரிக். ஸ்கைகைடு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு கண்ட்ரோலர், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு திரைகளுக்கு நடுவே. இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இரவில் அப்படிப் போவது நிர்வாகத்துக்குத் தெரிந்த வழக்கம். பராமரிப்பு வேலைக்காக முதன்மை ரேடார் அமைப்பு குறைந்த திறனில் இயங்கியது, நெருங்கும் விமானங்களைத் திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை, முதன்மைத் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது, மாற்றுத் தொலைபேசியும் கோளாறு. தாமதமாக வந்த ஒரு ஏர்பஸ்ஸை பிரீட்ரிஷ்ஹாஃபனில் இறக்குவதற்காக அந்த விமான நிலையத்தைப் போனில் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார் அவர். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மையத்தில் இருந்தவர்களின் திரையில் எச்சரிக்கை தெரிந்தது, அவர்கள் பலமுறை சூரிக்கை அழைத்தார்கள், லைன் கிடைக்கவில்லை.

36,000 அடியில் இரண்டு விமானங்கள். பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் துபோலேவ், டிஹெச்எல் நிறுவனத்தின் போயிங் சரக்கு விமானம். மோதலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது அவர் கவனித்தார். துபோலேவை இறங்கச் சொன்னார். சில விநாடியில் துபோலேவின் டிகாஸ் ஏறச் சொன்னது, போயிங்கின் டிகாஸ் இறங்கச் சொன்னது. துபோலேவ் கண்ட்ரோலர் சொன்னதைக் கேட்டது. ஜப்பானில் நடந்ததே மறுபடியும். இந்தத் தடவை ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஜப்பான் விசாரணையின் முழு அறிக்கை வெளிவந்ததும் அதே ஜூலையில்தான், இந்த மோதலுக்குச் சில நாள் கழித்து.

டிகாஸ் ஒன்று சொல்ல, கண்ட்ரோலர் வேறு சொன்னால் டிகாஸ் சொல்வதையே கேட்க வேண்டும் என்று அதன்பிறகு சர்வதேச விதியை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினார்கள். பைலட் 'டிகாஸ் ஆர்ஏ' (கருவி ஏறவோ இறங்கவோ சொல்கிறது) என்று சொல்லிவிட்டால் உங்கள் பதில் 'ரோஜர்', அவ்வளவுதான். 'கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்' என்று அவர் சொல்லும் வரை அந்த விமானத்தின் பாதையை மாற்றும் எந்த உத்தரவும் கொடுக்கக் கூடாது. இது தேர்வில் கேட்கிற கேள்விதான், எல்லோருக்கும் விடை தெரியும். கஷ்டம் எங்கே வருகிறது என்றால், கருவி எச்சரித்ததும் பைலட் முதலில் விமானத்தை ஏற்றுவார் அல்லது இறக்குவார், பிறகுதான் உங்களிடம் பேசுவார். அந்த இடைவெளியில் உங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் கடைசி நேரத்தில் விலக்கும்போது உயரத்தைத் தொடாமல் திசையைத் திருப்பச் சொல்வது பாதுகாப்பு. டிகாஸ் மேலே, கீழே என்று மட்டும்தான் சொல்லும். இடது, வலது என்று நீங்கள் சொன்னால் அதோடு முட்டாது.

வாக்கியம் இப்படி இருக்கும்: 'அவாய்டிங் ஆக்‌ஷன், டர்ன் லெஃப்ட் இமீடியட்லி ஹெடிங் 270.' பின்னாலேயே எதிர்விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். கால்சைனை லேபிளைப் பார்த்து வாசியுங்கள் என்று மேலே சொன்னேனே, அது இந்த நேரத்துக்காகத்தான். எதிர்விமானம் எந்தப் பக்கம் என்பதையும் திரையைப் பார்த்தே சொல்லுங்கள். அன்று சூரிக்கிலிருந்து துபோலேவுக்குச் சொன்ன பக்கம் தவறு. எதிரி வலது முன்புறம் என்றார், இடது முன்புறம் இருந்தது. அலைவரிசையில் விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், 'ஏன் இறங்கினீர்கள்' என்று பைலட்டிடம் கேட்கவே வேண்டாம். அதெல்லாம் பிறகு. குரல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேகமாகப் பேசினால் பைலட் 'சே அகெய்ன்' என்பார், ஐந்து விநாடி போகும்.

இரண்டும் விலகிவிட்டன. இதயம் அடித்துக்கொள்கிறது. இப்போதுதான் அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் திரையில் இன்னும் எட்டுப் பத்து விமானங்கள் இருக்கின்றன, உங்கள் மனம் மட்டும் அந்த இரண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை உயர்த்தி மேற்பார்வை அதிகாரியைக் கூப்பிடுங்கள். மாற்று ஆள் கேளுங்கள். 'பரவாயில்லை சார், சமாளிச்சுடுவேன்' என்று உட்கார்ந்திருப்பது தைரியம் இல்லை. மேற்பார்வை அதிகாரியாக இருப்பவர், அவர் கேட்காவிட்டாலும் மாற்ற வேண்டும்.

எழுந்த பிறகு எழுதுங்கள்

இடத்தை விட்டு எழுந்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள். அடுத்து, யாரோடும் பேசி 'எப்படி நடந்தது' என்று கலந்து பார்ப்பதற்கு முன், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். நண்பரின் ஆறுதல் வார்த்தைகூட நினைவை மாற்றிவிடும். குரல் பதிவும் ரேடார் பதிவும் குறைந்தது 30 நாள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி, ஆகவே நீங்கள் சொன்னதும் செய்ததும் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன. பதிவில் இல்லாதது உங்கள் மனதில் ஓடியது. எதை எதிர்பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, எத்தனை மணி நேரமாக இடத்தில் இருந்தீர்கள், இரண்டு செக்டாரை (ஒரு கண்ட்ரோலருக்கு ஒதுக்கும் வான்பகுதி) சேர்த்து ஒருவரே பார்த்தீர்களா, எந்தக் கருவி தகராறு செய்தது, முந்தின இரவு எவ்வளவு தூங்கினீர்கள். 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று ஒரே வரியில் முடித்து, பழியைத் தலையில் போட்டுக்கொள்ளும் ரிப்போர்ட் நேர்மையாகத் தெரியும். அதை வைத்து அடுத்தவரைக் காப்பாற்ற எதுவும் செய்ய முடியாது.

பெங்களூரு சம்பவத்தில் எனக்கு அதிக வேதனை தந்தது இதுதான். நடந்தது உடனே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, முறைப்படி யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை என்று அப்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது. நல்லபடியாக விலக்கிய பிறகு எழுத என்ன தயக்கம்? பயம். தண்டனை வரும் என்ற பயம், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் 907 விவகாரம் நீதிமன்றம் போனது. கீழ்நீதிமன்றம் விடுவித்த, பயிற்சியில் இருந்த கண்ட்ரோலரையும் மேற்பார்வையாளரையும் மேல்நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1976-இல் ஜாக்ரெபுக்கு மேலே பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிரைடெண்டும் யுகோஸ்லாவியாவின் டிசி-9-உம் மோதி 176 பேர் இறந்தபோது, ஆள் பற்றாக்குறையில் தனியாக மாட்டிக்கொண்ட கண்ட்ரோலருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். உலகம் முழுக்கச் சக கண்ட்ரோலர்கள் குரல் கொடுத்ததால் சில ஆண்டுகளில் விடுவித்தார்கள். சூரிக் கண்ட்ரோலரை 2004-இல் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் வீட்டு வாசலில் கொன்றுவிட்டார். அதற்கு மூன்று ஆண்டு கழித்து நீதிமன்றம் தண்டித்தது அதே நிறுவனத்தின் வேறு நான்கு பேரை. ஒற்றை ஆளை இரவில் விட்டது, பராமரிப்பு வேலையைப் பற்றி முறையாகச் சொல்லாதது எல்லாம் விசாரணையில் வெளியே வந்தன. அந்த நான்கு நாற்காலிகளை முன்பே கேள்வி கேட்டிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

தண்டனை இல்லாமல் எழுதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் நல்ல சாட்சி. 2001-இல் அங்கே சட்டம் போட்டு, தானாக முன்வந்து தெரிவிக்கும் கண்ட்ரோலருக்கும் பைலட்டுக்கும் பாதுகாப்புக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்ததற்கும் கடுமையான அலட்சியத்துக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 15 ரிப்போர்ட் வந்த இடத்தில் முதல் ஆண்டிலேயே ஆயிரத்தை நெருங்கின. அந்த ஒரு வருடத்தில் டென்மார்க் வானம் திடீரென்று ஆபத்தாகிவிடவில்லை. மறைந்திருந்தது தெரிய வந்தது. அமெரிக்காவில் இதற்கு ஒரு கால் நூற்றாண்டு முன்பே, 1976-இல், நாசா நடத்தும் ரகசிய ரிப்போர்ட் முறை தொடங்கியது. பத்து நாளுக்குள் எழுதினால் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ 514 மலையில் மோதி 92 பேர் இறந்ததே அதற்குத் தூண்டுதல். அதே இடத்தில் அதே குழப்பத்தில் வேறொரு நிறுவனத்தின் விமானம் சில வாரம் முன்பு மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தத் தகவல் டிடபிள்யூஏ விமானிகளை வந்து சேரவில்லை.

இந்தியாவில் சம்பவம் நடந்ததும் சம்பந்தப்பட்டவரை ரோஸ்டரிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் கிளம்பிக்கொண்டிருந்த அதே ஓடுபாதையில் இண்டிகோ விமானம் இறங்கியபோதும் அப்படித்தான் செய்தார்கள். ரோஸ்டரிலிருந்து எடுப்பதைத் தண்டனையாக எண்ணிக் குன்றிப்போகாதீர்கள். விசாரணை முடியும் வரை ரேடார் முன் உட்காராமல் இருப்பது உங்களுக்கும் நல்லது. எழுதிக் கொடுத்தால் நடவடிக்கையே வராது என்று நான் உறுதி தர முடியாது. மறைத்தால் பதிவுநாடா காட்டிக்கொடுக்கும், அப்போது தவறோடு பொய்யும் சேரும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

உறக்கம் வராத சில இரவுகள் இருக்கும். கண்ணை மூடினால் அந்த இரண்டு லேபிள்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இது பலவீனம் இல்லை, எல்லோருக்கும் வருவது. ஜெர்மனி, கனடா போன்ற நாடுகளில் இதற்கென்று பயிற்சி பெற்ற சக கண்ட்ரோலர்களே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மனநல மருத்துவரிடம் சொல்ல முடியாததைக்கூட அதே வேலை செய்கிறவரிடம் சொல்ல முடியும். உங்கள் யூனிட்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லையென்றால், நம்பிக்கையான சீனியர் ஒருவரை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லி மறைக்காதீர்கள்.

சேர விரும்புகிறவர்களுக்கு

ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி., அல்லது ஏதாவது ஒரு செமஸ்டரிலாவது இந்த இரண்டும் இருந்த பொறியியல் பட்டம் வேண்டும். வயது உச்சவரம்பு 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கணினித் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, உளவியல் மதிப்பீடு ஆகியவற்றைத் தாண்ட வேண்டும். சம்பள அடுக்கு 40,000-இல் தொடங்கி 1,40,000 வரை போகிறது. பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா ஆகிய இடங்களில். அறிவிப்புக்கு அறிவிப்பு சிறு மாற்றம் வரும், விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பையே படியுங்கள். ஆங்கிலத்தில் சர்வதேச அளவுகோலின் 4-ஆம் நிலையாவது வேண்டும், அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். உச்சரிப்பு லண்டன் மாதிரி இருக்க வேண்டியதில்லை, தெளிவாக இருக்க வேண்டும். மதுரைத் தமிழ் வாடையோடு தெளிவாகப் பேசினால் போதும்.

நாட்டின் நான்கு பெரிய வான்பகுதிகளில் ஒன்று சென்னையிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது. வங்கக் கடலின் மேல் நீளும் அதன் எல்லை கொழும்பு வான்பகுதியைத் தொடுகிறது. கடல் மேலே ரேடார் எட்டாத இடங்களில் கணக்கே வேறு, மைல் கணக்கில் பெரிய இடைவெளி, பைலட் சொல்லும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. அங்கே நேரும் தவறு ரேடார் திரையில் பளிச்சென்று தெரியாது. இரண்டு யூனிட்டுகளுக்கு இடையே போனில் சொன்ன உயரம் சரியாக எழுதப்பட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புது யூனிட்டில் முதல் வாரம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், புதிதாக வந்தவருக்குத்தான் எதையும் கேட்கும் உரிமை இருக்கிறது. இரவில் இரண்டு செக்டாரைச் சேர்க்கும் முடிவை யார் எடுப்பார், திரும்பப் பிரிக்க நான் கேட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருவார்? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை, அது ரோஸ்டரில் மட்டும் இருக்கிறதா, நிஜமாகவே கிடைக்கிறதா? பிரிட்டனில் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார விடுவதில்லை, அரை மணி இடைவேளை உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும்போது எந்தெந்தக் கருவி நிற்கும் என்று எழுத்தில் தருகிறார்களா? கடைசியாகத் தானே முன்வந்து ரிப்போர்ட் எழுதியவருக்கு என்ன நடந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சீனியர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டால் அந்த யூனிட்டில் எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்படியானால் நீங்கள் எழுதும் முதல் ரிப்போர்ட் சின்ன விஷயத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: தவறாகத் திரும்பி வந்து நீங்கள் திருத்திய ஒரு உயரம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்த ஒரு கால்சைன். பெரிய சம்பவம் வரும்போது கை பழகியிருக்கும்.

உங்கள் செக்டாரில் தினமும் ஒரே நேரத்தில் வந்து குழப்பும் கால்சைன்கள் எவை என்று அங்கே பல வருடம் இருப்பவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமான அட்டவணை மாறும், அன்றைக்கே அந்தத் தாளையும் மாற்றி எழுதுங்கள்.